பருத்தியும் பருத்த அணுவும்

பேரூரில் நொய்யல் படித்துறையில் ஒரு மாலை.

சீடன்: ஐயா, நேற்று முத்தொரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கண்டேன். விண்மீன்களுக்கு இடைப்பட்ட சூன்யத்தில் அது எதைத் தேடுகிறது?

குரு: சூன்யம் என்று அவசரப்பட்டுச் சொல்லாதே, கண்ணு. நம் முன்னோர் ஆகாயத்தைப் பஞ்சபூதங்களில் ஒன்றாக எண்ணினார்களேயன்றி, இன்மையாக எண்ணவில்லை. அங்கே ஹைட்ரஜன் வாயு மேகம் மேகமாய்ப் பரந்து கிடக்கிறது. வெப்பம் மிகுந்த விண்மீன்களின் புறஊதாக் கதிர் பட்டு எலக்ட்ரானை இழந்த அணுக்கரு, வழியே போகும் வேறோர் எலக்ட்ரானைப் பற்றிக்கொள்ளும்போது, அந்த எலக்ட்ரான் சில வேளை மிக உயர்ந்த ஆற்றல் படியொன்றில் வந்தமர்ந்து, இந்தப் படித்துறையில் நாம் இறங்கி வந்ததுபோல் ஒவ்வொன்றாக இறங்குகிறது. இறங்குந்தோறும் ஓர் அலையை உதிர்க்கிறது.

சீடன்: அந்த அலை ஒளியாகத் தெரியாதோ?

குரு: கீழ்ப்படிகளில் தெரியும். மேலே போகப் போகப் படிகள் நெருங்கிவிடுவதால், 273ஆம் படியிலிருந்து 272ஆம் படிக்கு இறங்குகையில் எழுவது ஏறத்தாழ 325 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையே. கோவிந்த் சுவரூப்பின் தலைமையில் அமைந்து 1970இல் இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி கேட்கும் சுருதியும் அதுவே. பால்வீதியின் பல திசைகளிலிருந்து வந்த அவ்வலையை அதன்வழி ஆராய்ந்து, 1985இல் முடிவுகளை வெளியிட்டார் வானியலாளர் அனந்தராமையா.

சீடன்: அத்தனை உயரப் படியில் எலக்ட்ரான் அமர்ந்தால் அணுவின் பருமன் என்னாகும்?

குரு: உன் சட்டைக் கையில் பஞ்சு மில்லிலிருந்து ஒட்டி வந்திருக்கிறதே ஒரு பஞ்சிழை, அதை எடுத்துப் பார். அந்த அணுவின் குறுக்களவு இவ்விழையின் தடிப்பில் ஏறக்குறையப் பாதி. சாதாரண ஹைட்ரஜன் அணுவைப்போல் 70,000 மடங்குக்கு மேல்.

சீடன்: பஞ்சிழையில் பாதியா! அப்படியோர் அணு இந்தக் காற்றில் நிற்குமா?

குரு: ஒரு கணமும் நில்லாது. அதன் வயிறு அடைக்கும் இடத்துக்குள்ளேயே நம் காற்றின் மூலக்கூறுகள் 600 கோடிக்கு மேல் நெருக்கியடித்து நிற்கின்றன, இடித்தே கலைத்துவிடும். அங்கேயோ, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில துகள்களே உள்ள அந்த மேகத்தில், அடுத்த துகள் ஒரு நெல்மணியின் நீளத்துக்கு அப்பால் இருக்கிறது.

சீடன்: அப்படியானால், நான் சூன்யம் என்று சொன்னது, அந்த அணு கைகால் நீட்டிக்கொள்ளக் கிடைத்த இடமா?

குரு: இடம். இப்போதுதான் சரியான சொல்லைச் சொன்னாய்.

சீடன்: கடைசிப் படிக்கு வந்தபின்?

குரு: மறுபடி ஒரு கதிர் வந்து எலக்ட்ரானைப் பிரிக்கும், மறுபடி ஒன்று அகப்படும், அதுவும் மேற்படியில் வந்தமரலாம்.