யாரு கேக்கப் போறா?

ஒரு கூடாரம் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு நண்பர்கள், ஒரு சனிக்கிழமை ராத்திரி, காரைக்கால் பக்கம் கிளிஞ்சல்மேடு கடற்கரை. பட்டியல் தயார். டார்ச், கொசுவர்த்தி, தண்ணீர் கேன், பரோட்டா பார்சல், பாட்டுக் கேட்க ஸ்பீக்கர். கூட்டத்தில் ஒருவர் மட்டும் தயங்குகிறார். ''யார்கிட்டயாவது சொல்லணுமாடா?'' பதில் உடனே வருகிறது. ''பீச்சுதானே மச்சி, யாரு கேக்கப் போறா?''

போலீஸில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. அது வேறு விஷயம். நான் யோசிப்பது இன்னொன்றை. எல்லோருக்கும் பொதுவான இடத்தில், நாம் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்?

'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் பட்டா தராத, வரி போடாத நிலம் அது. மேய்ச்சல் தரை, ஏரி, வண்டிப்பாதை, கடற்கரை என்று ஊர் மொத்தத்துக்கும் சோறு போட்ட நிலம். அந்தச் சொல்லை இன்று எதற்குப் பயன்படுத்துகிறோம்? ஒருத்தரைத் திட்டுவதற்கு! 'எல்லோருக்கும் சொந்தம்' என்பது 'யாருக்கும் சொந்தமில்லை' ஆகி, கடைசியில் 'எதுக்கும் லாயக்கில்லை' என்றாகிவிட்டது.

கடற்கரை பொதுச்சொத்து என்பது புது யோசனை இல்லை. கி.பி. 533-ல் ஜஸ்டீனியன் காலத்து ரோமானியச் சட்ட நூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் மனிதர் அனைவருக்கும் பொது என்றது. பிரெஞ்சு மன்னரின் 1681-ம் வருடக் கடல் சட்டம், பெரிய அலை ஏறி இறங்கும் தரையில் யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்றது. அந்த பிரெஞ்சுக்காரர்கள்தான் 1739-ல் காரைக்காலுக்கு வந்தார்கள். ஆக, நீங்கள் அங்கே போய் உட்கார உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால், உரிமை எங்கே முடிகிறது?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பாலைவனமும் புல்வெளியுமாக சுமார் 24.5 கோடி ஏக்கர் பொதுநிலத்தை அரசு நில மேலாண்மைத் துறை பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலான இடங்களில் காசு கட்டாமல் கூடாரம் போடலாம். ஆனால், பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. வெறும் பாலைவனத்தில் எதற்கு இத்தனை சட்டம்? காரணம், அந்தப் பாலைமண்ணின் மேல்தோல் பல இடங்களில் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்துவைத்திருக்கின்றன. செருப்புக்காலால் மிதித்து உடைத்தால் பழையபடி ஆக வருடக்கணக்கில், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத இடம். மிதித்தவருக்கு அது தெரியவே தெரியாது!

கிளிஞ்சல்மேட்டு மணலும் ராத்திரியில் காலியாகத்தான் தெரியும். விடிவதற்கு முன்பே அங்கே ஒருவர் வெறுங்காலோடு ஃபைபர் படகைத் தள்ளுவார். வெயில் ஏறினால் வலை பழுதுபார்ப்பார்கள், கருவாடு காயும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து போட்ட கரை அது. சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் திரும்பவும் அதே கரையில்தான் வலையை விரித்தார்கள்.

மனிதர்கள் மட்டுமா? ஜனவரி முதல் ஏப்ரல் வரை சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கும் மேல் இருக்கும். பொரிந்த குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் கடல் பக்கம் ஓடும். நீங்கள் மூட்டிய தீயும் டார்ச்சும் அதைவிட வெளிச்சமாக இருந்தால், பாவம், ஊர்ப்பக்கம் திரும்பி ஓடிச் சாகும்.

நீங்கள் கேட்கலாம்: ''பொது இடம்னா, எனக்கும் மீனவருக்கும் சம உரிமைதானே? நான் எதுக்கு அவர்கிட்ட கேக்கணும்?'' நியாயமான கேள்வி. காவல் காக்கிறேன் என்று கதவைச் சாத்திய கதைகளும் நம் நாட்டில் நிறைய. மகாராஷ்டிரத்தில் மகாத் நகராட்சி, தன் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானமே போட்டிருந்தது. ஆனாலும் தலித் மக்களை நெருங்க விடவில்லை. 1927 மார்ச் 20-ம் தேதி ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அம்பேத்கர் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. எனவே, பொது இடத்தில் 'நீ வராதே' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

உரிமை சமம்தான். ஆனால், விளைவு சமமாக இல்லையே! நீங்கள் உடைத்த பாட்டில் உங்களை என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். திங்கட்கிழமை கண்ணாடி ஏறுவது, படகு தள்ளுகிறவர் காலில். ஒரு இடத்தில் நடப்பதன் பாரத்தை யார் சுமக்கிறாரோ, அவர் பேச்சுக்கு அங்கே கொஞ்சம் கூடுதல் எடை உண்டு. அவர் அந்த இடத்துக்கு முதலாளி இல்லை. நாளைக்கும் அங்கேயே இருக்கப்போகிறவர்.

அனுமதி கேட்பது வேறு, விசாரிப்பது வேறு. தமிழில் விசாரிப்பது என்றால் தகவல் கேட்பது. நலம் கேட்பதும் அதே சொல்தான். ''அண்ணே, ராத்திரி இங்க தங்கலாம்னு வந்திருக்கோம். படகு எந்தப் பக்கம் ஏறும்? எங்க படுத்தா உங்களுக்கு இடைஞ்சல் இல்ல?'' இதைக் கேட்டால் உங்கள் உரிமை ஒரு அங்குலமும் குறையாது. எந்த இடத்தில் கடல் இழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்து போவார்கள். படுத்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அதற்கு எந்தச் சட்டமும் இருந்ததில்லை. கடற்கரை, பட்டா இல்லாத பெரிய திண்ணை. ஸ்பீக்கரை வீட்டிலேயே வையுங்கள். அந்த இடத்தில் ஒரு குப்பைப் பை எடுத்துக்கொள்ளுங்கள்.