கழித்தெழுத முடியாத கணக்கு

கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர், "என்னை அடித்துத் துன்புறுத்தினார்" என்று ஊரறியக் கூறுவார்களேயானால், கேட்டு நிற்கும் மூன்றாமவர் செய்ய வேண்டுவது யாது? கேள்வி பழையதுதான். ஆயினும் அமெரிக்கச் சினிமா நடிகர் ஜானி டெப், அவர் மனைவியாயிருந்த நடிகை ஆம்பர் ஹேர்ட் ஆகியோரின் வழக்கு, அதனை உலகமெங்கும் பேச வைத்துவிட்டது.

2015-ல் மணம் புரிந்த இவர்கள், 2017 ஜனவரியில் விவாகரத்துப் பெற்றனர். லண்டன் 'ஸன்' பத்திரிகை 2018-ல் டெப்பை மனைவியை அடிப்பவர் என்று எழுதிற்று. அவர் தொடுத்த மானநஷ்ட வழக்கில், 2020 நவம்பரில், எழுதியது சாராம்சத்தில் உண்மையே என்றும், கூறப்பட்ட 14 சம்பவங்களில் 12 நிரூபணமாயின என்றும் நீதிபதி தீர்ப்பளித்தார். பின்னர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஹேர்ட் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்காக டெப் 5 கோடி டாலர் கேட்டார். ஹேர்ட் 10 கோடி கேட்டு எதிர்வழக்கிட்டார். 2022 ஜூன் 1-ல் ஜூரிகள், டெப்புக்கு 1 கோடி டாலர் நஷ்ட ஈடும் 50 லட்சம் அபராதத் தொகையும் அளித்தனர். சட்ட வரம்பினால் அபராதம் மூன்றரை லட்சமாகக் குறைந்தது. டெப்பின் வக்கீல் கூறிய ஒரு வாசகத்திற்காக ஹேர்ட்டுக்கு 20 லட்சம் கிடைத்தது.

வேடிக்கை பார்த்தவர்கள் ஒன்றில் மற்றொன்றைக் கழித்தார்கள். மீதி எவர் பக்கம் நின்றதோ அவர் உத்தமர், மற்றவர் பொய்யர் என முடித்துவிட்டார்கள்!

வியாபாரிகளாகிய நமக்குக் கழித்தெழுதுவது பழக்கமான காரியம். ஒருவர் நமக்கு 500 வெள்ளி தர வேண்டும், நாம் அவருக்கு 300 தர வேண்டும் என்றால், பாக்கி 200 என்று எழுதி மற்றதை அடித்துவிடுகிறோம். பணத்திற்கு அது சரி. அடிக்கும் உதைக்கும் அது பொருந்துமா? தாம் அடித்ததாக ஹேர்ட் ஒப்புக்கொண்டு பேசிய ஒலிப்பதிவு வழக்கில் கேட்டது. டெப் தம் நண்பருக்கு அவரைப் பற்றி எழுதிய கொடிய செய்திகளும் படிக்கப்பட்டன. ஒன்று இருப்பதால் மற்றது பேரேட்டிலிருந்து மறைந்துவிடாது. இரண்டும் அப்படியே நிற்கும்.

"இரு கை தட்டினால்தான் ஓசை" என்போரும் நம்மிடையே உண்டு. பஞ்சாயத்துப் பேச உட்காருகிறவர்களுக்கு இது மிகச் சௌகரியமான வார்த்தை. எழுந்து வீட்டுக்குப் போகலாம். வர்ஜீனியா விசாரணையில், இத்தம்பதியரின் ஆலோசகர் ஒருவரும் இருவரும் பரஸ்பரம் கொடுமை செய்ததாகவே சாட்சியம் கூறினார். ஆனால் இத்தகைய குடும்பங்களுக்கு உதவி செய்வோரில் பலர் அச்சொல்லை ஏற்பதில்லை. யார் யாருக்கு அஞ்சி வாழ்ந்தார், யார் தடுக்கக் கை ஓங்கினார், யார் அடக்கி ஆளக் கை ஓங்கினார் என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். நமக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. இரு பெயரிலும் பற்று இருப்பதனால் தொகை சமமாகிவிடுமா?

இரு தீர்ப்புகளும் ஒத்துப்போகின்றன என்று நாம் சொல்ல வரவில்லை. லண்டனில் எதிரி பத்திரிகை. எழுதியது உண்மையென்று காட்டும் பொறுப்பு அதனுடையது. தீர்மானித்தவர் ஒரு நீதிபதி. வர்ஜீனியாவில் ஹேர்ட் பொய்யென்று அறிந்தோ, உண்மையைப் பற்றிக் கவலையின்றியோ எழுதினார் என்று டெப் காட்ட வேண்டியிருந்தது, தீர்மானித்தவர்கள் ஜூரிகள். இரண்டு மன்றமும் வாரக்கணக்கில் கேட்டும் மாறுபட்டன. கைப்பேசியில் இரண்டு நிமிடம் பார்த்தவருக்கு மட்டும் சந்தேகமே எழவில்லை.

விசாரணை தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அந்த அம்மையார் அழுததை நடித்துக் காட்டிச் சிரித்தனர். அச்சிரிப்பினால் அந்தப் பணக்கார நடிகைக்கு நேர்ந்ததைவிட, அதைக் கேட்டிருந்த பெயரறியாத பெண்களுக்கு நேர்ந்ததே நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. மனைவியிடம் அடிபட்டதை வெட்கத்தால் மறைக்கும் ஆடவரும் இருக்கின்றனர். டெப்பின் பக்கம் நின்றோர் பலர் சொன்ன இவ்விஷயத்தைத் தள்ளுவதற்கில்லை. அவர்களும் அச்சிரிப்பைக் கேட்டார்கள். நாளை ஒருவர் நம் கடைப் படியேறி வந்து, தம் வீட்டில் நடப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்ல வாயெடுக்கும்போது, முன்பு நாம் எதற்குச் சிரித்தோம் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

2022 டிசம்பரில் இருவரும் சமாதானமாயினர். ஹேர்ட் அப்பீலைக் கைவிட்டார். 10 லட்சம் டாலர் கொடுப்பதென முடிவாயிற்று; அதைத் தருமத்துக்குக் கொடுப்பதாக டெப் தரப்பினர் அறிவித்தனர். இது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்றார் ஹேர்ட். அந்தச் செய்தியைக் கேட்க அவ்வளவு கூட்டம் கூடவில்லை.