மூன்றாவது துளை

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னை சாய்ந்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. புயல் தொட்ட மாவட்டங்களில் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். உள்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு முழுசாக வந்துவிட்டது என்று பொருளில்லை. மழை இறங்கிய சுவரில் ஏதாவது ஒரு பிளக் பாயிண்ட் செத்துக் கிடக்கும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? அடுத்த அறையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, கதவிடுக்கு வழியாக வயரைக் கொண்டுவந்து, வேலையை முடித்துக்கொள்கிறோம். இரண்டு நாளைக்கு என்று போட்ட பாக்ஸ் பொங்கலைத் தாண்டியும் அங்கேயே கிடக்கும். கதவு சாத்தும்போதெல்லாம் வயர் நசுங்கும்.

செத்த பாயிண்ட்டைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா, நம் வீட்டில் மற்ற அறைகளில் இருக்கிறதா, போர்டில் எம்சிபி விழுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். பழகிய வயர்மேன் எவரும் டெஸ்டரை மட்டும் நம்பிக் கை வைப்பதில்லை. ஒரு ஹோல்டர், அதில் ஒரு பல்பு, இரண்டு துண்டு வயர்; அந்த டெஸ்ட் லேம்ப்தான் அவர் நம்பும் சாட்சி. காரணம் இருக்கிறது. டெஸ்டர் எரிவதற்கு ஃபேஸ் மட்டும் வந்தால் போதும். நம் உடம்பு வழியாக இம்மியளவு மின்சாரம் தரைக்குப் போய் அதை எரிய வைத்துவிடும். பல்பு எரிய, போன மின்சாரம் திரும்பி வர நியூட்ரலும் வேண்டும். இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்து பல்பு எரியாவிட்டால், பெரும்பாலும் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. மெயினை இறக்கி, மீண்டும் சோதித்து, மூடியைக் கழற்றினால் பல வீடுகளில் தெரிவது ஒன்றுதான்: லூசான ஒரு திருகு, அதன் கழுத்தில் கருகிய வயர். குளவி மண்ணை வைத்து அடைத்திருப்பதும் உண்டு. அதற்கு மேல் போனால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுவதே அறிவு.

ஆனால் செத்த பாயிண்ட்டால் யாருக்கும் ஆபத்து வருவது அபூர்வம். தன் குறையை அது மறைப்பதில்லை. நம் வேலை நின்றுபோவதால் உடனே கவனிக்கிறோம். நம் வேலையை நிறுத்தாத குறையைக் கவனிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பாயிண்ட்டில் மேலே தனியாகப் பெரிதாக ஒரு துளை இருக்கிறதே, எர்த். அதில் வயரே இல்லாவிட்டாலும் கிரைண்டர் சுற்றும், மிக்ஸி அரைக்கும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. ஒற்றை விளக்குக்காக இணைப்பு வாங்கிய குடிசைகளுக்குள்ளும் மூன்று முள் பிளக் நுழைந்தது. சுவரில் மூன்றாவது துளைக்குப் பின்னால் எதுவும் இல்லை என்பதை யார் பார்த்தார்கள்? சில வீடுகளில் பிளக்கையே வெட்டியெறிந்துவிட்டு, வயர் முனையைத் துளையில் விட்டுத் தீக்குச்சி சொருகி நிறுத்தியிருப்பார்கள். கிரைண்டர் கொஞ்சம் சுரீரென்று அடிக்கும். அதற்கும் ஒரு வழக்கம் பிறந்துவிடும். "அப்பத்தா, செருப்பைப் போட்டுக்கிட்டு சுவிட்சைப் போடு." காலுக்கடியில் ஒரு பலகை. வீடு அந்தக் குறையோடு குடித்தனம் நடத்தப் பழகிவிடுகிறது. ஈரக்கையோடு அதைத் தொடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

ஃபியூஸ் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர், தாங்களாக முன்வந்தவர்களை வைத்துச் சோதித்தார். பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிப்போவது ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரில், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியரில். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். ஆள் போனபிறகும் ஃபியூஸ் அப்படியே இருக்கும். அது வயரைத் தீயிலிருந்து காக்க வைத்த காவல்காரன். அவனையும் நாம் விடுவதில்லை, அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டு வாயை அடைத்துவிடுகிறோம்.

நம் குறை நம் வாசலோடு நிற்பதும் இல்லை. கஜா நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்குச் சார்ஜ் போடவும் ஊர்தோறும் ஜெனரேட்டர் வாடகைக்கு ஓடியது. மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுத்தால், அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகத் தெருவுக்கு ஏறும். டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து அதை 11,000 வோல்ட் ஆக்கிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர், நமக்காகவே வெளியூரிலிருந்து வந்தவர். இதில் கவனக்குறைவு என்ற சொல் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மெயினை அறுத்துவிடும் கருவியை நம் ஊரில் ஈஎல்சிபி என்றே கேட்டு வாங்குகிறோம். அதை மாட்டியாயிற்று, இனி எர்த் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எர்த் இருந்தால் ஆள் தொடுவதற்கு முன்பே அது விழும். இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். அப்பத்தாவின் உடம்பை வைத்தா அந்தச் சோதனையைச் செய்வது?

எர்த் போடுவதும் இந்த மண்ணில் ஒரே நாள் வேலையாக முடிவதில்லை. நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். செம்புராங்கல் பூமியில் ஈரம் நிற்காது. கரியும் உப்பும் போட்டு நிரப்பிய குழிகூடச் சித்திரையில் காய்ந்து மண் கெட்டியாகிவிட்டால், மின்சாரத்தை உள்ளே இழுக்காது. ஆகவே கோடையில் அந்தக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈஎல்சிபியில் இருக்கும் டி பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லையென்றால், கரண்ட் நன்றாக வந்துகொண்டிருந்தாலும், அன்றைக்கே வயர்மேனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.