நின்றுபோகும் உரிமை

வண்டி நின்றுபோன கதை ஆண்களுக்கு ஒரு சேமிப்பு. கல்யாண வீட்டுப் பந்தலிலும் தீபாவளிக்கு மறுநாள் மதியத்திலும் அதை எடுத்துச் செலவழிப்பார்கள். தொப்பூர் கணவாயில் நடுராத்திரி ஃபேன் பெல்ட் அறுந்தது, லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து உதவியது, டீக்கடை பெஞ்சிலேயே விடிந்தது என்று ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் நீளும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். "கிளம்பும் முன்னாடி பெல்ட்டைப் பார்த்தீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை.

அதே கதையைச் சொல்பவர் பெண்ணாக இருந்தால் அது விசாரணை ஆகிவிடுகிறது. அந்த நேரத்துல ஏன் கிளம்பின? யார்கிட்ட சொல்லிட்டுப் போன? கூட யாரும் வரலையா? வண்டி ஏன் நின்றது என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலும் அந்தக் கேள்வி வரை பேச்சு போவதே இல்லை.

இதற்குள் ஓர் அறக் கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். வழியில் வண்டி பழுதாகி நிற்கும் ஒருவர், உதவி பெறுவதற்கு முன்பாகத் தான் கவனமாக இருந்ததை நிரூபிக்க வேண்டுமா? கவனக்குறைவாகவே இருந்திருந்தாலும், அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் குறைந்துவிடுமா?

2020 செப்டம்பரில் பாகிஸ்தானில் ஒரு பெண் தன் குழந்தைகளோடு லாகூர் – சியால்கோட் விரைவுச் சாலையில் இரவில் காரோட்டிப் போய்க்கொண்டிருந்தார். வழியில் பெட்ரோல் தீர்ந்தது. தொலைபேசியில் உதவி கேட்டுவிட்டுக் காருக்குள் காத்திருந்தார். வந்தவர்கள் கண்ணாடியை உடைத்து, அவரையும் குழந்தைகளையும் பக்கத்து வயலுக்கு இழுத்துச் சென்றார்கள். குழந்தைகள் கண்ணெதிரே அவரை வன்புணர்ந்தார்கள். அடுத்த நாள்களில் லாகூர் நகரின் காவல்துறைத் தலைவர் தொலைக்காட்சியில் பேசினார். ஆள் நடமாட்டம் உள்ள பழைய நெடுஞ்சாலையில் அவர் ஏன் போகவில்லை, கிளம்புமுன் பெட்ரோல் இருக்கிறதா என்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். பாகிஸ்தான் முழுவதும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதிகாரி பிறகு மன்னிப்புக் கேட்டார். குற்றவாளிகள் இருவருக்கு 2021 மார்ச்சில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெட்ரோல் கேள்வி எந்த நாட்டு எல்லையிலும் நின்றுவிடுவதில்லை.

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன், 2019 நவம்பர் 27 அன்று, ஐதராபாத்தை அடுத்த ஷம்ஷாபாத் சுங்கச்சாவடி அருகே ஒரு கால்நடை மருத்துவரின் ஸ்கூட்டர் பஞ்சரானது. டயரில் காற்றை இறக்கியவர்களே உதவி செய்வதுபோல வந்தார்கள் என்றது காவல்துறை. அவர் பயந்துபோய்த் தன் தங்கையிடம் போனில் பேசினார். பிறகு அவர் உயிரோடு திரும்பவில்லை. தங்கையை அழைத்ததற்குப் பதிலாக 100-ஐ அழைத்திருக்கலாமே என்றார் அந்த மாநில அமைச்சர் ஒருவர். டிசம்பர் 6 அன்று பிடிபட்ட நால்வரையும் காவல்துறை சுட்டுக் கொன்றது. பலர் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். அது கொல்லும் நோக்கத்தோடு சுடப்பட்டது என்று உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022-இல் சொன்னது. அந்த ஆரவாரத்தில், இரவில் டயர் பஞ்சரான ஒரு பெண் எங்கே போய் நிற்பது என்ற சின்னக் கேள்வி அப்படியே கிடந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "பெட்ரோல் இருக்கான்னு பார்த்துக்கோ" என்று மகளிடம் சொல்லாத அம்மா உண்டா? அது அக்கறைதானே? உலகம் ஆபத்தாக இருக்கும்போது எச்சரிக்கையாக இரு என்பது எப்படிப் பழியாகும்?

இரண்டு வாக்கியங்களும் ஒன்றேதான். அவை சொல்லப்படும் நேரம்தான் வேறு. பயணத்துக்கு முன் சொன்னால் அது அக்கறை. கேட்பவர் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும். பயணம் கெட்ட பிறகு சொன்னால் அதை வைத்து அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தன்னை நொந்துகொள்வதைத் தவிர. முன்னால் ஆலோசனையாக இருந்தது பின்னால் தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, காவல் இல்லாத சாலையை விட்டுவிட்டு, பெட்ரோல் முள்ளைப் பார்க்காத கண்களைப் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் தீர்ந்ததால் வண்டி நின்றது உண்மை. பெட்ரோல் தீர்ந்ததால் யாரும் வன்புணர்வு செய்வதில்லை.

இவை கொடுமையின் உச்சங்கள். பெரும்பாலான பயணங்களில் இப்படி நடப்பதில்லை. ஆனால் அன்றாடப் பழுதிலும் இதே கணக்கு சத்தமில்லாமல் ஓடுகிறது. நான் இருக்கும் புதுப்பட்டினம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் நகரியத்தை ஒட்டி இருக்கிறது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கும் அதைத் தாண்டி நாகப்பட்டினம் பக்கமும் போகிற வண்டிகள் இந்த வழியாகத்தான் பறக்கும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போகும் வேன்கள் கூடுதலாக வரும். அப்படி ஒரு வேன், ஆந்திரப் பதிவெண் கொண்டது, சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருமுனையில் நின்றுவிட்டது. கிளட்ச் பிளேட் போய்விட்டது. செங்கல்பட்டிலிருந்து சாமான் வர வேண்டும், மதியத்துக்கு மேல் ஆகும் என்றார் மெக்கானிக்.

பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒரு டஜன் பேருக்கு மேல் இருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். ஆண்கள் வண்டியின் பழுதைப் பார்த்தார்கள். ஐந்து பேரும் பார்க்க அதில் வேலை ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்தார்கள். பெண்கள் மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். பால்புட்டிக்கு வெந்நீர், காலில் வீக்கமுள்ள பாட்டிக்கு நிழல், அழுகிற பையனுக்குப் பிஸ்கட், மதியச் சாப்பாட்டுக்கு வழி. வண்டி நின்றால் நிற்பது எஞ்சின் மட்டும்தான். குடும்பம் நிற்பதில்லை. அதற்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, சிறுநீர் முட்டுகிறது. அந்த ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகிற வேலைக்கு "ரிப்பேர்" என்ற பெயர் கிடைப்பதில்லை.

ஆண்கள் சவுக்குத் தோப்புப் பக்கம் போய் வந்தார்கள். பெண்களில் ஒருவர், கைக்குழந்தைக்காரர், காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று எனக்குப் புரியும் அளவுக்குத் தமிழில் சொன்னார். குடித்தால் எங்கே போவது? பால் கொடுக்கும் உடம்பு, ஆகஸ்ட் வெயில். வண்டி பழுதாவதற்கு முன்பே அவருடைய பயணம் பழுதாகித்தான் இருந்தது.

அவர்களை வீட்டுக்குள் கூப்பிடலாம் என்று தெருவில் பேச்சு வந்தபோது பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆம்பளைங்க கூட இருக்காங்க. குடும்பமாத்தான் தெரியுது. வரச் சொல்லும்மா." இன்னொரு வீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டார், பிறகு என்ன ஆளுங்க என்று கேட்டார். பதில் வந்த பிறகுதான் அவர் வீட்டுக் குழாய் திறந்தது. எல்லாரும் நல்லவர்கள். அன்று மதியம் எங்கள் தெருவில் யாரும் பசியோடு உட்காரவில்லை, சாயங்காலம் வேன் கிளம்பியபோது கையசைத்தார்கள். ஆனால் கதவு திறக்கச் சாவி ஒன்று தேவைப்பட்டது. ஆணோடு வந்த குடும்பம் என்பது ஒரு சாவி. சாதி இன்னொன்று. அந்தக் கைக்குழந்தைக்காரர் தனியாக ஒரு ஸ்கூட்டரில் வந்து அதே இடத்தில் நின்றிருந்தால், அதே ஆயா, அதே நல்ல மனசோடு, முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நம்மில் யாராலும் ஊகிக்க முடியும்.

விருந்தோம்பலை நம் பண்பாட்டின் பெருமை என்கிறோம். வருகிறவர் யார் என்று தெரிந்த பிறகு செய்வது உபசாரம். அது நல்லதுதான். ஆனால் பழுதாகி நிற்பவருக்கு உபசாரம் போதாது. அவர் விருந்தாளியாக வரவில்லை. அவரை நமக்குத் தெரியாது, அவர் வரத் திட்டமிடவும் இல்லை. அவருக்குத் தேவைப்படுவது தகுதி பார்க்காத உதவி. சட்டம்கூட இதில் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2016-இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அந்தப் பாதுகாப்பு சேர்ந்தது. அது விபத்துக்கு. ரத்தம் வராத பழுது நம் மனசாட்சியையும் எளிதில் தொடுவதில்லை.

இதற்கு நம்மிடையே அடிக்கடி சொல்லப்படும் தீர்வு: பெண்கள் டயர் மாற்றக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொள்ளட்டும், அதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. கூலித் தொழிலாளிகளும் கல்குவாரிப் பெண்களும் கிராமச் செவிலியர்களும் பஸ்ஸுக்காகவும் கணவருக்காகவும் காத்திருக்காமல் கிளம்பிப் போனார்கள். கையில் வண்டி இருப்பதும் அதை ஆளத் தெரிந்திருப்பதும் ஒரு பெண்ணின் நடையையே மாற்றும்.

ஆனால் திறமையே தீர்வு என்று முடித்துவிட்டால், பெட்ரோல் கேள்வியின் இன்னொரு வடிவத்துக்குத்தான் வந்து சேருகிறோம்: "உனக்கு ஸ்டெப்னி மாத்தத் தெரியாதா?" உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தை நினைத்துப் பார்க்கலாம். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்கு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார் பெர்த்தா பென்ஸ். அந்தக் காரை உருவாக்கும் தொழிலில் அவருடைய சீதனப் பணமும் இருந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது; தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி உரசியது; காலுறைப் பட்டியைச் சுற்றினார். இந்த ஊசியையும் பட்டியையும்தான் எல்லோரும் சொல்கிறோம். கதையின் மறுபாதியும் அதே அளவு முக்கியம். வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக் கடைக்காரர் எரிபொருளுக்கான திரவத்தை விற்றார். ஒரு செருப்புத் தொழிலாளி தேய்ந்த பிரேக் கட்டைக்குத் தோல் வைத்துத் தந்தார். மேட்டில் பிள்ளைகள் தள்ளினார்கள். பெர்த்தாவின் துணிச்சலுக்கு வழி நெடுகத் திறந்திருந்த கடைகள் தேவைப்பட்டன. யாருடைய உதவியும் இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தவர் என்று ஒருவரும் கிடையாது, ஆண்களையும் சேர்த்துத்தான். தொப்பூர் கதையில் அந்த லாரிக்காரரை மறந்துவிடக் கூடாது.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் வெளியிட்ட "வை லாய்ட்டர்?" நூலில், பெண்கள் கேட்க வேண்டியது பாதுகாப்பை அல்ல, பொதுவெளியில் ஆபத்தை எதிர்கொள்ளும் உரிமையை என்று வாதிட்டார்கள். பாதுகாப்பு என்ற பெயரில்தான் வீட்டுக் கதவு பூட்டப்படுகிறது என்பதால் அந்த வாதம் எனக்கு நெருக்கமானது. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆபத்தை எதிர்கொள்வது நாமே எடுக்கும் முடிவு. பழுது அப்படியல்ல. அது யாரும் தேர்ந்தெடுக்காதது. துணிச்சலான பெண்ணுக்கு மட்டுமல்ல, பயந்த பெண்ணுக்கும், மறதியுள்ள பெண்ணுக்கும், பெட்ரோல் முள்ளைப் பார்க்காத பெண்ணுக்கும் சாலையில் இடம் வேண்டும். பயணிக்கும் உரிமை என்று நாம் சொல்வது ஓடும் வண்டிக்கு மட்டுமானதாக இருந்தால், அது எஞ்சின் சூடாகும் வரைக்குமான உரிமைதான். நின்றுபோகும் உரிமையும் சேர்ந்தால்தான் அது முழுமை.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல. இரவிலும் திறந்திருக்கும், தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. ஓரத்தில் நிற்கும் வண்டி தெரியும்படி விளக்கு. 112-ஐயோ 181-ஐயோ அழைத்தால் "அங்கே ஏன் போனீங்க?" என்று தொடங்காத குரல். வண்டியே இல்லாதவருக்குக் கடைசி பஸ். சுங்கம் வசூலிக்கும் சாலையிடம் இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

மற்றபடி, நம் வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு வண்டி நிற்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என்ன வேணும்மா?" ஏன் வந்தாள், யாரோடு வந்தாள், என்ன ஆள் என்பதெல்லாம் அவள் விரும்பினால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டிய கதை.