இணைந்த சபை, இணையாத சம்பந்தம்
தென்காசி, குற்றாலம் பக்கம் சிஎஸ்ஐ கோயிலுக்குப் போகும் இளைஞரிடம் "நீங்க ஆங்கிலிக்கனா, மெதடிஸ்டா?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

அந்த மறதிக்கு 28 வருஷப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. 1919-இல் தரங்கம்பாடியில் தொடக்கம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை. பிஷப் கைவைக்காமல் கொடுத்த குருப்பட்டம் செல்லுமா என்பதில்தான் பெரிய இழுபறி. முன்னின்று பேசிய பிஷப் அசரியா, நம்ம வெள்ளாளன்விளைக்காரர், 1945-லேயே இறந்துவிட்டார்.

அது மிஷனரிகள் கொண்டுவந்த சண்டை; அதனால் விட முடிந்தது என்றே நினைக்கிறேன். சாதி நம்முடையது. அதற்காக யார் 28 வருஷம் உட்கார்ந்து பேசினார்கள்? ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறோம். மணமகள் தேவை விளம்பரத்திலோ 'சிஎஸ்ஐ' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. போதகர்கள் வீட்டு விளம்பரம் உட்பட.