கைப்பிடிச் சுவர்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானப் பணியில் சாரம் சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். பிழைப்புத் தேடி அசாமிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

இத்தகைய செய்தி வந்ததும், "பெல்ட் போட்டிருந்தார்களா?" என்றுதான் நாம் கேட்கிறோம். நியாயமான கேள்வியே. ஆனால் பெல்ட்டின் கயிற்றை உறுதியான ஒன்றில் மாட்ட வேண்டுமே! மாட்டிய சாரமே சரிந்தால் பெல்ட் என்ன செய்யும்? அந்தப் பிடிமானத்தை அமைக்கும் பொறுப்பு, மேலே ஏறுபவரைவிட, அவரை ஏற்றுபவருக்கே உரியது.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுவோர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்கிறது. இல்லையேல் விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும். விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்று அக்கட்டளை கேட்கவில்லை. கவனம் பிசகுவது மனித இயல்பு. அதனால்தான் சுவர் வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கூரைத் தகடு மாற்றுபவருக்கும், நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவருக்கும் இது பொருந்தும். விழுந்தபின் தரும் பணம் குடும்பத்துக்கு உதவலாம். போன உயிரை மீட்காது. ஆகவே கூலி பேசும்போதே பெல்ட்டையும், அதை மாட்டும் இடத்தையும் சேர்த்துப் பேசுவது நம் கடமை.