சும்மா தூண்டிலா?



பிப்ரவரியில் உகாண்டாவின் பள்ளிக்கூட வருஷம் தொடங்கும்போது, கம்பாலாவுக்கு வெளியே ஒரு பள்ளியில் மூன்று மாதம் குரோஷா பின்னல் கற்றுக்கொடுக்கக் கர்த்தர் எனக்கு வாசலைத் திறந்திருக்கிறார். இதைச் சாட்சியாகச் சொன்னபோது ஒரு சகோதரி, "அக்கா, ஊசியும் நூலும் சும்மா தூண்டில்தானே? பிள்ளைங்க வந்து உட்கார்ந்ததும் வசனத்தைச் சொல்லிரலாம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் 'சும்மா' எனக்கு ஒப்பவில்லை.

ஆவியின் நிறைவு என்றாலே நமக்கு அந்நியபாஷைதான் ஞாபகத்துக்கு வரும். யாத்திராகமம் 31-ல் பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது எதற்கு? பொன் வேலைக்கும் கல் வேலைக்கும் மர வேலைக்கும். 35:34-ஐயும் வாசித்துப் பாருங்கள். அந்த வேலையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கிற மனதையும் கர்த்தரே கொடுத்தார்.

1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் மிஷனரியின் மனைவி மார்த்தா அம்மாள், அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைத்தனம் இருந்த காலம் அது. லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அரைகுறையாகக் கற்றிருந்தால் அந்த லேஸை யார் வாங்கியிருப்பார்கள்?

தூண்டில் என்று நினைத்தால் முதல் வாரத்துக்கு ஆயத்தப்பட்டால் போதும். நானோ விமானம் ஏறித் திரும்பினபிறகு வருகிற நாலாம் மாதத்தை யோசிக்கிறேன். இங்கிருந்து நல்ல நூலாகப் பெட்டி நிறையக் கொண்டுபோனால், அது தீர்ந்த அன்றைக்குப் பின்னலும் தீர்ந்துபோகும். அதனால் பழைய பனியனை நாடா நாடாக வெட்டி, மூங்கிலில் சீவின பருமனான ஊசியால் பின்னிப் பழகுகிறேன். விரல் வலிக்கத்தான் செய்கிறது! வலதுகைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்கவேண்டும். இடதுகைப் பிள்ளை எதிரே உட்கார்ந்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல என் கையைப் பார்த்தே பின்னிவிடும்.

அவர்களுக்குக் கைவேலை தெரியாது என்று நினைத்துக்கொண்டும் போகக்கூடாது. புகாண்டா ஜனங்கள் முடுபா என்கிற ஒருவகை அத்திமரத்தின் பட்டையை உரித்து, மரச்சுத்தியால் அடித்து அடித்தே துணியாக்குகிறவர்கள். உரித்த மரத்தை வாழையிலையால் சுற்றிவைப்பார்களாம், பட்டை மறுபடியும் வளரும். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை அது. டீச்சராகப் போகிற நான் அங்கே யாரிடமாவது மாணவியாகவும் உட்காரவேண்டும்.

அப்படியானால் இயேசுவைச் சொல்லமாட்டாயா என்பீர்கள். பிள்ளை கேட்டால், பெற்றோர் சம்மதித்தால், சந்தோஷமாய்ச் சொல்லுவேன். (அந்த நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள் என்பது வேறு விஷயம்!) முஸ்லிம் வீட்டுப் பிள்ளை வசனத்துக்கு இருக்காமல் எழுந்துபோனாலும், மறுநாள் அதற்கும் அதே நூல், அதே நேரம். பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. அதற்காக ஆண்டவர் அவர்கள் சுகத்தைப் பிடுங்கிக்கொண்டாரா?

விசாவுக்காக ஜெபியுங்கள். மூங்கில் வேலை தெரிந்த சகோதரர்கள் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். நாற்பது ஊசி வேண்டும், இதுவரை பதினொன்றுதான் சீவியிருக்கிறேன்.